மறுமொழி மடலில் மேற்கோள் முன்னொட்டு

மின்னஞ்சலுக்கோ செய்திக்குழுப் பதிவுக்கோ மறுமொழி எழுதுபவர், தாம் எந்தப் பகுதிக்கு விடை கூறுகிறாரோ அந்தப் பகுதியை முதலில் எடுத்து வைத்து, அதன் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஓர் அடையாளத்தை இட்டு, அதன் கீழே தம் விடையை எழுதுவது கணினிவழிக் கடிதப் போக்குவரத்தின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. வரித்தொடக்கத்தில் இடப்படும் அவ்வடையாளம் மேற்கோள் முன்னொட்டு எனப்படும். அதற்கு மேலே, இன்ன நாளில் இன்னார் எழுதியது என்று வரும் ஒற்றை வரியைப் பெயர்வரி எனலாம். இவ்விரண்டையும் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் வசதி பழைய அஞ்சல் செயலிகள் பெரும்பாலானவற்றில் உண்டு. அஞ்சல் வழங்கிகளைப் பராமரிக்கும் தொழிலில் இருப்பவர்களிடம் வரும் முறையீடுகளில், மடல் வந்து சேரவில்லை என்பதற்கு அடுத்தபடியாக, வந்த மடலில் யார் எதைச் சொன்னார் என்று விளங்கவில்லை என்பதும் இடம்பெறுகிறது. ஆராய்ந்து பார்த்தால், அவற்றுள் கணிசமானவற்றின் வேர், யாரோ ஒருவர் தம் செயலியின் முன்னொட்டை மாற்றி வைத்ததிலோ, செயலியே அதை அரைகுறையாகக் கையாண்டதிலோ போய் நிற்கும். அந்தத் தொழிலனுபவத்தில் உறுதிப்பட்ட கருத்து ஒன்றே: அனுப்பும் உரையில் முன்னொட்டு எல்லாரும் அறிந்த எளிய குறியாகவே இருக்க வேண்டும், மாற்றமும் அழகும் படிப்பவரின் திரையில் நிகழ வேண்டும்.

இவ்வழக்கம் வேரூன்றிய இடம், செய்திக்குழுக்களின் வலையமைப்பான யூஸ்நெட். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகியோர் 1979இல் திட்டமிட்டு, மறு ஆண்டில் பிற நிறுவனங்களுக்கும் விரிந்த அந்த வலையமைப்பில், ஒரு பதிவு ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்கும் அதிலிருந்து மற்றொன்றுக்கும் தொலைபேசி இணைப்பு வழியாகப் படிப்படியாகப் பரவியது. வழி வெவ்வேறாக இருந்ததால், மூலப் பதிவு வந்து சேரும் முன்பே அதற்கான மறுமொழி வந்து சேர்வதுண்டு; வட்டில் இடம் குறைவாக இருந்ததால், சில நாள்களில் பழைய பதிவுகள் நீக்கப்படுவதும் உண்டு. ஆகவே மறுமொழியைப் படிப்பவரிடம் மூலம் இருக்கும் என்று எழுதுபவர் நம்பியிருக்க முடியாது. தேவையான வரிகளை மறுமொழிக்குள்ளேயே எடுத்து வைப்பது அங்கே மரியாதைக்காக ஏற்பட்டதன்று. அது இல்லாமல் உரையாடலே நடந்திருக்காது. அந்த வரிகளுக்கு முன் இடப்பட்ட > என்ற குறி காலப்போக்கில் பொதுவழக்காயிற்று. எந்த விசைப்பலகையிலும் இருக்கும் குறி அது, ஒரே எழுத்தின் அகலத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும், சாதாரண வாக்கியம் எதுவும் அதைக்கொண்டு தொடங்குவதில்லை. இதைவிடப் பொருத்தமான குறியைத் தேடியவர்கள் பலர், கண்டவர் இல்லை.

தேடியவர்களின் கதையும் அறியத்தக்கது. டாம் ஜென்னிங்ஸ் 1984இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஃபிடோநெட் வலையமைப்பில், மேற்கோளாகும் வரிக்கு முன் அதை எழுதியவரின் பெயர் முதலெழுத்துகளைச் சேர்த்து இடும் வழக்கம் பரவியது. யூனிக்ஸ் உலகில், ஈமேக்ஸ் என்ற உரைத்தொகுப்பானுக்காக பேரி வார்சா எழுதிய சூப்பர்சைட் என்ற நிரல் இதை இன்னும் விரிவாக்கி, எழுதியவரின் பெயரையே முன்னொட்டாக்கும் வசதியையும், பெயர்வரிக்குப் பல வடிவங்களையும் தந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான பைன் என்ற அஞ்சல் செயலியிலும், முன்னொட்டை மாற்றும் அமைப்பில், அனுப்பியவரின் பெயரோ அதன் முதலெழுத்துகளோ தானாக வந்து அமரும்படி செய்ய முடிந்தது. மூவர், நால்வர் கலந்து பேசும் இழையில், ஒவ்வொரு வரியிலும் பேசுபவரின் பெயர் நிற்பது முதற்பார்வையில் மிகத் தெளிவான ஏற்பாடாகவே தோன்றும். ஆயினும் அது ஒருவர் மட்டும் கையாளும்போதுதான் தெளிவு. நால்வரும் நான்கு வகை முன்னொட்டுகளை வைத்துக்கொண்டால், ஒரே மடலில் பெயர், முதலெழுத்து, நேர்கோடு, முக்காற்புள்ளி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வந்து, வரியின் பாதி அகலத்தை முன்னொட்டே விழுங்கிவிடும். அடுத்து வரும் செயலிக்கு அவற்றுள் எது குறி, எது உரை என்பது தெரியாது.

முன்னொட்டை மாற்றியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. மேற்கோள் மிகுந்து புதிய கருத்து குறைந்த பதிவுகள் செய்திக்குழுக்களை நிறைத்தபோது, புதிய வரிகளைவிட மேற்கோள் வரிகள் மிகுந்திருந்தால் பதிவை ஏற்க மறுக்கும்படி செய்திக்குழு மென்பொருள்களில் ஒரு சோதனை சேர்க்கப்பட்டது. இந்தச் சோதனை வரித்தொடக்கக் குறியை எண்ணித்தான் முடிவு செய்யும் என்பதால், தம் பதிவை வெட்டிச் சுருக்க மனமில்லாதவர்கள் முன்னொட்டை வேறு குறியாக மாற்றிச் சோதனையைக் கடந்தார்கள். ஐஎன்என் என்ற செய்திக்குழு வழங்கி மென்பொருளில் இச்சோதனை இன்றும் நிர்வாகி விரும்பினால் இயக்கிக்கொள்ளும் வசதியாக உள்ளது; அது > குறியோடு, | குறியையும் : குறியையும் மேற்கோளாகவே எண்ணுகிறது. நிர்வாகிகள் ஓர் ஓட்டையை அடைக்க, பயனர்கள் இன்னொன்றைத் திறக்க, இடையில் பாதிக்கப்பட்டவர் படிப்பவரே. மேற்கோளை வெட்டிச் சுருக்குவது எழுதுபவரின் கடமை. அதை எண்ணிக்கைச் சோதனையால் வாங்கிவிட முடியாது.

முன்னொட்டின் உண்மையான பணி, வரி யாருடையது என்று சொல்வதன்று. அது எத்தனையாவது படியில் நிற்கிறது என்று சொல்வதே. ஒரு குறி என்றால் முந்தைய மடல், இரண்டு என்றால் அதற்கும் முந்தையது. அந்தப் படிக்கு உரியவர் யார் என்பதைப் பெயர்வரிதான் கூறும். இரண்டும் சேர்ந்தே பொருள் தரும் என்பதைக் கீழுள்ள சிறிய மடலில் காணலாம்.

செல்வி எழுதியது:
> கண்ணன் எழுதியது:
>> விலையைக் குறைக்கலாம்.
> இப்போது வேண்டாம்.
அடுத்த மாதம் பேசலாம்.

இதில் விலையைக் குறைக்கச் சொன்னவர் கண்ணன், வேண்டாம் என்றவர் செல்வி, அடுத்த மாதம் பேசலாம் என்பவர் இம்மடலை எழுதுபவர். மடலைச் சுருக்கும் நோக்கில் இரண்டாவது வரியையும் நான்காவது வரியையும் ஒருவர் நீக்கிவிட்டால், செல்வி எழுதியது என்பதன் நேர் கீழே விலையைக் குறைக்கலாம் என்ற வரி வந்து நிற்கும். இரண்டு குறிகள் இருப்பதைக் கூர்ந்து பார்ப்பவர் மட்டுமே அது செல்வியின் சொல்லன்று என்று ஐயுறுவார். அவசரத்தில் படிப்பவர் செல்வியே அப்படிச் சொன்னதாக எடுத்துக்கொள்வார். எவரும் பொய் எழுதவில்லை, ஒரு சொல்லும் மாற்றப்படவில்லை. ஆயினும் கூற்று இடம் மாறிவிட்டது. அலுவலகத் தகராறுகளில் வழங்கியின் சேமிப்பிலிருந்து மூல மடலைத் தேடி எடுத்துக் கொடுக்கும் வேலை பராமரிப்பாளருக்கு வருவது பெரும்பாலும் இத்தகைய நேரங்களில்தான். இரண்டு குறிகள் அப்படியே நின்றிருந்தால், அந்த ஐயத்துக்காவது இடம் இருக்கும். முன்னொட்டை வெறும் நிறமாகவோ சாய்வெழுத்தாகவோ மாற்றியிருந்தால் அதுவும் இராது.

அடுத்த சிக்கல் வரி மடிப்பு. பழைய முனையங்களின் திரை எண்பது எழுத்து அகலம் கொண்டது. ஆதலால் மடலின் வரி 78 எழுத்துகளுக்குள் அடங்குவது நல்லது என்றும், எந்நிலையிலும் 998ஐத் தாண்டக் கூடாது என்றும் இணைய அஞ்சலுக்கான தர ஆவணம் கூறுகிறது. ஒவ்வொரு முறை மேற்கோளாகும்போதும் வரி ஒன்றிரண்டு எழுத்து நீளுகிறது. சில சுற்றுகளுக்குப் பின் அது எல்லையைத் தாண்டும்போது, செயலி அதை இயந்திரத்தனமாக மடித்து, வால்பகுதியை முன்னொட்டின்றி அடுத்த வரியில் போடுகிறது. அதன் விளைவு இவ்வாறு இருக்கும்.

> கூட்டம் வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத்
தொடங்கும்
> என்று அறிவிக்கப்பட்டுள்ளதால் அனைவரும் குறித்த
நேரத்தில்
> வந்து சேர வேண்டும்.

நீண்டும் குறுகியும் மாறி மாறி வரும் இந்த வரிகள் சீப்பின் பற்களைப் போல நிற்பதால், ஜெர்மானியச் செய்திக்குழுக்களில் இதற்குச் சீப்பு மேற்கோள் என்றே பெயர் இட்டார்கள். முன்னொட்டு இல்லாத 'தொடங்கும்', 'நேரத்தில்' ஆகிய சொற்கள், மறுமொழி எழுதுபவரின் சொந்தச் சொற்களாகத் தோன்றுகின்றன என்பதே இதில் உள்ள கேடு. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் செயலியில் இக்குறை மிகுந்திருந்ததால், அதைத் திருத்துவதற்கென்றே டொமினிக் ஜெயின் என்பவர் ஓஇ கோட்ஃபிக்ஸ் என்ற துணைநிரலை எழுதினார். தொகுப்பான் அளவிலும் இதற்கு வழியுண்டு: விம் தொகுப்பானின் இயல்பான அமைப்பில் > என்பது அடுக்கி வரக்கூடிய முன்னொட்டாகவே பதிவாகியிருப்பதால், மேற்கோள் பத்தியைத் தெரிவு செய்து மறுமடிப்புக் கட்டளையைத் தந்தால், குறிகளின் எண்ணிக்கை மாறாமல் வரிகள் மட்டும் சீராகிவிடும். தொழில் முறையில் நாள்தோறும் மடல் எழுதுபவர் கற்றுக்கொள்ள வேண்டிய கட்டளைகளுள் இது முதன்மையானது. இது இயங்குவது > குறியை அது அறிந்திருப்பதால்தான்; பெயர் முன்னொட்டுக்கு இந்த உதவி இயல்பாகக் கிடைக்காது.

இதே சிக்கலைத் தர அளவில் தீர்க்க முயன்றது, ரேண்டல் கெல்லன்ஸ் 1999இல் வகுத்து, 2004இல் ஆர்எஃப்சி 3676 என்ற இணையத் தர ஆவணமாகத் திருத்தி வெளியிட்ட முறை. இதில் வரியின் இறுதியில் ஓர் இடைவெளி இருந்தால் அது அடுத்த வரியோடு தொடர்வதாகப் பொருள். படிக்கும் செயலி தன் திரை அகலத்துக்கேற்ப மீண்டும் மடித்துக்கொள்ளலாம். இந்த முறையில் மேற்கோள் குறி > ஒன்றே. அதன் எண்ணிக்கை படியைக் காட்டும். குறிகளுக்கிடையே இடைவெளி கூடாது. இடைவெளி விட்டு > > என்று எழுதினால் முதற்குறி மட்டுமே மேற்கோளாகும். இரண்டாவது குறி உரையின் பகுதியாகிவிடும். குறிகளுக்கிடையே இடைவெளி விட்டால் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று முன்னொட்டைத் திருத்திக்கொண்டவர்களின் மடல்கள், இம்முறையைப் பின்பற்றும் செயலிகளில் படி தவறிக் காட்சியளிப்பது இதனால்தான். வரிமடிப்பையே மாற்றக்கூடிய இம்முறை நிரல் திருத்தங்களுக்கு உதவாது என்பதால், லினக்ஸ் கருநிரல் உருவாக்கத்துக்கான கையேடு, திருத்தங்களை அனுப்பும்போது இதை அணைத்து வைக்கச் சொல்கிறது. அந்தச் சமூகத்தில் திருத்தம் மடலின் உடலிலேயே வருகிறது; மதிப்பிடுபவர் வரிக்கு வரி மேற்கோள் காட்டி, அதனதன் கீழே தம் கருத்தை எழுதுகிறார். மேற்கோள் முன்னொட்டு இன்றும் முழு வலிமையோடு உழைக்கும் இடம் அதுதான்.

குறியைச் செயலி எப்படி அடையாளம் காண்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மட் என்ற முனையச் செயலி, வரித்தொடக்கத்தில் | > : } # ஆகியவற்றுள் எது வந்தாலும் மேற்கோள் என்று கொள்கிறது. பிறர் இட்ட பலவகை முன்னொட்டுகளுக்கு இடம் கொடுக்கும் நோக்கில் வந்த தாராளம் இது. ஆனால் நிரலெழுதுபவர்கள் மடலில் நிரல்துண்டை ஒட்டும்போது, மூடும் அடைப்புக்குறியில் தொடங்கும் வரியும், # குறியில் தொடங்கும் குறிப்புவரியும் மேற்கோள் நிறம் பெற்றுவிடுகின்றன. பைத்தான் மொழியின் ஊடாட்ட முனையம் தன் கட்டளை வரிகளை >>> என்று தொடங்குவதால், அதிலிருந்து எடுத்து ஒட்டியது மூன்றாம் படி மேற்கோளாகத் தெரிகிறது. நிரல் சார்ந்த மடல்களே மிகுதியாக வரும் பணியிடங்களில், அடையாளம் காணும் அந்த அமைப்பை > குறிக்கு மட்டுமாகச் சுருக்கி வைப்பது நல்ல பலன் தரும். இன்னொரு விந்தையும் உண்டு. பல மடல்களை ஒரே கோப்பில் சேமிக்கும் எம்பாக்ஸ் முறையில், 'ஃப்ரம்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியும் வரித்தொடக்கத்தில் வந்தால் அதுவே அடுத்த மடலின் தொடக்கமாகும். மடலின் உடலில் அப்படி ஒரு வரி நேர்ந்தால் குழப்பம் வராதிருக்க, அதன் முன் ஒரு > குறியைச் சேமிப்பு நிரலே சேர்த்துவிடும். எழுதியவர் மேற்கோளே காட்டாத மடலில் ஒற்றை வரி மட்டும் மேற்கோளாகத் தெரிந்தால், பராமரிப்பாளர் முதலில் பார்க்க வேண்டியது அந்த வரி எந்தச் சொல்லில் தொடங்குகிறது என்பதையே.

தமிழில் மடல் எழுதியவர்கள் இவற்றோடு குறியாக்கத்தின் தொல்லையையும் சுமந்தார்கள். பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் எழுத்துகள் அமர்ந்திருந்ததால், தமிழைப் படிக்க அந்த எழுத்துருவைத் தெரிவு செய்தவரின் திரையில், செயலி தானாகச் சேர்த்த ஆங்கிலப் பெயர்வரி பொருளற்ற தமிழ் எழுத்துக் கோவையாக மாறிவிடும். முன்னொட்டும் தன் வடிவில் தெரியுமென்று நம்ப முடியாது. டிஸ்கி குறியாக்கம் முதல் 128 இடங்களை ஆங்கிலத்துக்கு அப்படியே விட்டுவைத்ததால், மேற்கோள் குறியும் பெயர்வரியும் அதில் பிழைத்தன. ஒருங்குறி வந்த பின் இந்தத் தொல்லை தீர்ந்தாலும் மடிப்பில் வேறொன்று தோன்றியது. 'தமிழ்' என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து; ஒருங்குறியில் ஐந்து குறியெண்கள்; யூடிஎஃப் 8 வடிவில் பதினைந்து பைட்டுகள். 72இல் மடிக்கச் சொன்னால், குறியெண்ணை எண்ணும் செயலி ஓரளவு நீளமான வரி தருகிறது. பைட்டை எண்ணும் செயலியோ 24 குறியெண்களிலேயே மடித்துவிடுகிறது. சீப்பு மேற்கோள் தமிழ் மடல்களில் எளிதாக நேர்வதற்கு இதுவும் ஒரு காரணம். மடிப்பு எல்லையைத் தமிழ் மடல்களுக்குத் தனியே உயர்த்தி வைப்பவர்கள் இதிலிருந்து பெரிதும் தப்பலாம்.

இன்றைய அலுவலக மடல்கள் பெரும்பாலும் எச்டிஎம்எல் வடிவில் செல்கின்றன. அங்கே குறிக்குப் பதில் இடப்பக்கக் கோடு நிற்கிறது. ஜிமெயில் மேற்கோள் முழுவதையும் மூன்று புள்ளிகளுக்குள் மடித்து மறைக்கிறது. கோட்டின் நிறத்தையோ வடிவத்தையோ மாற்றப் பயனருக்கு அமைப்பு எதுவும் தரவில்லை. அவுட்லுக்கில் மூல மடலுக்கு முன்னொட்டு இடுவதற்கும், மேற்கோளுக்கு நடுவே எழுதும் கருத்துகளுக்கு முன் எழுதுபவரின் பெயரைச் சேர்ப்பதற்கும் அமைப்புகள் உள்ளன. ஆனால் நம் அலுவலகங்களில் இவற்றைத் தேடிப் போகிறவர் குறைவு. 'என் பதில்கள் சிவப்பு நிறத்தில்' என்று மேலே எழுதிவிட்டு மேற்கோளுக்குள் புகுந்து எழுதுவதே வழக்கம். இரண்டாமவர் நீலத்திலும் மூன்றாமவர் பச்சையிலும் சேர்த்த பின், அந்த மடல் எளிய உரையாக மாற்றப்பட்டாலோ, கறுப்பு வெள்ளையில் அச்சிடப்பட்டாலோ, நிறப்பார்வைக் குறைபாடு உடையவரின் கைக்குப் போனாலோ, கேள்வி எது, விடை எது என்பதே மறைந்துபோகிறது. திரைவாசிப்பான் கொண்டு படிப்பவருக்கு நிறம் பெரும்பாலும் காதுக்கு எட்டுவதேயில்லை; > குறியையாவது அது வாசித்துக் காட்டும். நிறத்தை மட்டும் அடையாளமாகக் கொள்வது, இத்தொழிலில் கண்ட பழக்கங்களுள் மிகக் கேடானது என்று உறுதியாகச் சொல்லலாம்.

நிறமே கூடாது என்பதன்று இதன் பொருள். நிறம் மடலுக்குள் போகாமல் படிப்பவரின் செயலியில் இருக்க வேண்டும் என்பதே. மட் செயலியில் மேற்கோளின் ஒவ்வொரு படிக்கும் தனி நிறம் வைக்கலாம். ஒரே விசையால் மேற்கோள் முழுவதையும் மறைத்துப் புதிய வரிகளை மட்டும் படிக்கலாம். தண்டர்பேர்ட் செயலி எளிய உரை மடல்களில் > குறிகளைக் கோடுகளாக மாற்றிக் காட்டுகிறது. கோடு வேண்டாம், குறியே தெரிய வேண்டும் என்பவர் அதன் அமைப்புத் தொகுப்பியில் அதை மாற்றிக்கொள்ளலாம். மேற்கோளின் எழுத்து நிறத்தையும் அளவையும் அங்கேயே அமைக்கலாம். படிக்கொரு நிறம் வேண்டுபவர் பயனர் நடைதாள் கோப்பு ஒன்றை எழுதி வைக்கலாம், புதிய பதிப்புகளில் அந்தக் கோப்பைப் படிக்கும் அனுமதியைத் தனியே இயக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். இவற்றில் எதைச் செய்தாலும் அனுப்பப்படும் மடலில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. பத்துப் பேர் பத்து விதமாகத் தம் திரையை வைத்துக்கொண்டாலும், பதினோராமவருக்குப் போகும் உரை ஒன்றுதான்.

அனுப்பும் பக்கத்தில் மாற்றத்தக்கது பெயர்வரி. அதில் தமிழில் எழுதலாம், நாளைச் சேர்க்கலாம், விடலாம். மூன்று நான்கு வரிகளுக்கு நீளும் பெயர்வரி மட்டும் வேண்டாம்; உதவிமையச் செயலிகள், நிரல் களஞ்சியத் தளங்கள் போன்றவை மறுமொழியிலிருந்து பழைய உரையைக் கழித்தெடுக்கும்போது, வழக்கமான ஒற்றை வரி வடிவத்தையே பெரிதும் தேடுகின்றன. தமிழ்ப் பெயர்வரியை அவை அறியாமல் மேற்கோளையும் சேர்த்துப் பதிவிட நேரலாம் என்பதால், அத்தகைய இடங்களுக்கு மட்டும் ஆங்கில வடிவை வைத்துக்கொள்வது வசதி. பிறருடைய மின்னஞ்சல் முகவரியைப் பெயர்வரியில் சேர்க்கும் அமைப்பு இருந்தால் அதை நீக்கிவிட வேண்டும். பொதுக் காப்பகங்களில் போய்ச் சேரும் மடல்களிலிருந்து முகவரி திரட்டுபவர்களுக்கு அது எளிய வாயில்.

முன்னொட்டை > குறியும் ஓர் இடைவெளியுமாக, ஏற்கெனவே குறி உள்ள வரிக்கு இடைவெளியின்றி மேலும் ஒரு குறியாக அமைத்துவிட்டு, அதன்பின் அந்த அமைப்பைத் தொடாதிருப்பது நல்லது. மடலைச் சுருக்கும்போது விட்ட இடத்தில் மூன்று புள்ளி இட்டு, எஞ்சிய ஒவ்வொரு படிக்கும் உரிய பெயர்வரி அதன் மேலே நிற்கிறதா என்று அனுப்பும் முன் ஒருமுறை பாருங்கள். பிறருடைய வரியில் ஒன்றை வைத்துக்கொண்டாலும் அவருடைய பெயரை அழித்துவிடாதீர்கள்.